தலையசைப்பும் சரிபார்ப்பும்

கெடா மாநிலத்துப் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில், வெயிலேறிய வேளையில் அண்ணாந்து பார்த்தால், செம்பருந்து ஒன்று சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். வெப்பமுற்று மேலெழும் காற்றே அதனைத் தூக்கிச் செல்கிறது. அதனைக் கண்ட தோட்டப்புறச் சிறுவன் ஒருவன், "ஐயா, மனிதனும் இப்படிப் பறக்க முடியுமா?" என்று தன் ஆசிரியரைக் கேட்டான். அவர் அவனை அருகிலமர்த்தி விளக்கலானார்.

இயந்திரமில்லா வானூர்தியாகிய கிளைடரும் அக்காற்றை நம்பியே உயர்கிறது. தரைக்கு அண்மையில் 8 மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிபார் குறையும். அம்மாற்றத்தைக் கொண்டு, ஊர்தி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கருவி வேரியோமீட்டர். இத்தகைய கருவிகளின் அளவுகளை இன்று கம்பியின்றி, புளூடூத் வழியாகக் கைப்பேசி பெறுகிறது. 'எக்ஸ்சி சோர்' போன்ற இலவசச் செயலி, அவ்வுயரத்திலிருந்து எத்திடலை எட்டலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது.

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்செல்லும் கிளைடர், காற்று அசையாதிருந்தால், அவ்வுயரத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் செல்லும். அலோர் ஸ்டார் அவ்வெல்லைக்குள் அடங்கும். ஆனால், உயரம் 300 மீட்டர் மிகையாகக் கைப்பேசியை அடைந்தால், கணக்கில் 12 கிலோமீட்டர் பொய்யாகிவிடும். இயந்திரமில்லாதவனுக்கு மறுமுயற்சி ஏது? நெல்வயலில்தான் இறங்க வேண்டும்.

ஆதலின், கருவியின் பேச்சிற்கும் இலக்கணம் உண்டு. கப்பற் கருவிகளுக்கென அமெரிக்காவில் 1983இல் வெளியான 'என்எம்இஏ 0183' என்னும் முறையையே பறப்புக் கருவிகள் பலவும் தழுவுகின்றன. அதில் ஒவ்வொரு செய்திக்கும் 'வாக்கியம்' என்றே பெயர். டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பகுக்கப்பட்டு, உடுக்குறியின் பின் சரிபார்ப்பு எண்ணோடு அது முடியும். வாக்கியத்தின் எழுத்துகளைக் கொண்டு கைப்பேசி தானும் அவ்வெண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கும். ஒவ்வாவிடின் அவ்வாக்கியத்தைத் தள்ளிவிடும். சொன்னது சிதையாமல் வந்ததா என்பதையே அவ்வெண் காட்டும். கருவி சொன்னதே பிழையாயின், ஓட்டுபவனின் கண்ணே காவல்.

ஆசிரியர் இவற்றையெல்லாம் நல்ல தமிழில் சொல்லி முடித்து, "விளங்கிற்றா?" என்றார். சிறுவன் தலையசைத்தான். பிற நாளாயின் பாடம் அங்கே முடிந்திருக்கும். அன்றோ, தாம் சொன்ன சரிபார்ப்பு எண் அவர் நெஞ்சை உறுத்தியது.

"நீ எனக்குச் சொல், பார்ப்போம்" என்றார்.

"கைப்பேசிதான் காற்றை மேலே எழுப்புகிறது, ஐயா" என்றான் சிறுவன்.

அவருக்குச் சினம் எழவில்லை, அச்சமே எழுந்தது. இத்தனை ஆண்டுகளாக எத்தனை தலையசைப்புகளை நம்பி அடுத்த பாடத்திற்குச் சென்றிருப்பார்! மாணவன் மீது குறையில்லை. வாக்கியம் வழியில் சிதைந்திருந்தது; அதனைச் சரிபார்ப்பார்தாம் இல்லை.

சொல்லுதல் ஆசிரியப் பணியில் பாதியே. சொன்னது சிதையாமல் சேர்ந்ததா என்று கேட்டறிவது மறுபாதி. அவர் மீண்டும் பருந்திலிருந்தே தொடங்கினார்.