நீறும் நோன்பும்

மயிலாப்பூர்ச் சைவர்களும் சாந்தோம் கத்தோலிக்கர்களும் நெற்றியில் இடும் சாம்பலுக்குத் தமிழில் ஒரே பெயர்: திருநீறு. கத்தோலிக்கரின் நாற்பது நாள் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் குருத்து ஞாயிறன்று கையில் ஏந்திச் சென்ற ஓலைகளை எரித்துத்தான் அந்தச் சாம்பலை எடுக்கிறார்கள். சைவத் திருநீறு, பசுஞ்சாணத்தை உருட்டிக் காயவைத்து நெருப்பிலிட்டு எடுப்பது. இரண்டு இடத்திலும் புதுத் தொடக்கத்துக்கு வேண்டிய பொருள் பழையதின் மிச்சமாகவே இருக்கிறது.

மயிலாப்பூரின் தலக்கதையும் சாம்பலில் பிறந்ததே. சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்தாள். தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார். பின்னாளில் மயிலைக்கு வந்த திருஞானசம்பந்தர் அந்தக் குடத்தின் முன் ஒரு பதிகம் பாடினார். நிலையாமை பற்றிய தத்துவம் எதுவும் அதில் இல்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை அடுக்கி, இவற்றைப் பார்க்காமலா போவாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கும் பதிகம் அது. பெரியபுராணம் இங்கே நுட்பமான ஒரு செய்தி சொல்கிறது: குடத்திலிருந்து எழுந்தவள் ஏழு வயதுச் சிறுமி அல்ல, பன்னிரண்டு வயதுப் பெண். சாம்பலாக இருந்த ஆண்டுகளும் அவள் வயதில் சேர்ந்துவிட்டன! புத்துயிர் பற்றிய கதைகளில் இப்படி ஒரு கணக்கு அரிது.

கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் காலை இந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. அறுபத்துமூவர் உலா அன்று பிற்பகலில். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஈஸ்டரோ, வசந்த காலச் சமஇரவு நாளுக்குப் பிந்தைய முதல் பௌர்ணமி கழிந்த ஞாயிறு. அதனால் பல ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒரே நிலவுதான். 2024இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. சாந்தோம் பேராலயத்தில் முந்தின இரவுத் திருவிழிப்பில் புதுத்தீ மூட்டிப் பாஸ்கா மெழுகுதிரி ஏற்றுவார்கள். கூடியிருப்பவர்கள் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளை மீண்டும் சொல்வார்கள். அந்த ஆண்டு ரமலானும் மார்ச் 12 அன்றே தொடங்கியிருந்தது. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவானதால் இந்தச் சந்திப்பு சில ஆண்டுகள் நீடித்து விலகிவிடும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, அக்கிரகாரத்தில் காரடையான் நோன்பு, மாதா கோயிலில் தவக்கால நோன்பு: மூன்று சமயத்தாருக்கும் சொல் ஒன்றே.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது மரபு. கபாலீசுவரர் கோயிலில் 2004இலும் 2016இலும் கும்பாபிஷேகம் நடந்தது. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்ப நீரில் இறக்கி, அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றுவது வழக்கம். வேலை முடிந்ததும் சக்தி பழைய மூர்த்திக்கே திரும்புகிறது. பெயர்ந்த காரையும் மங்கிய வண்ணமும்தான் மாறும்.

பழையதிலிருந்தே புதியது தொடர்வதற்கு அடையாற்றில் ஒரு மரமும் சாட்சி. 1882இல் இங்கே தலைமையகத்தை அமைத்த பிரம்மஞான சபையின் தோட்டத்தில் இந்துக் கோயில், பௌத்த ஆலயம், தேவாலயம், மசூதி ஆகியவை தனித்தனியே உள்ளன. அந்தத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் அதற்கு முன்பே மண்ணில் இறங்கித் தனித்தனி மரங்களாகத் தடித்திருந்தன.