தோசைக்கல் பர்கர்

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த லாபம் என்று பார்த்தால், பர்கர்மீது வந்த மரியாதை ஒன்றுதான். சிரிக்காதீர்கள். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986-ல் ஒரு காரியம் செய்தது. மெக்டொனால்ட்ஸ் கடையின் பிக் மேக் பர்கர் எந்த நாட்டில் என்ன விலை என்று பட்டியல் போட்டு, எந்தப் பணம் தகுதிக்கு மேல் விலை போகிறது, எது பாவம் கீழே கிடக்கிறது என்று கணக்குச் சொன்னது. விளையாட்டாக ஆரம்பித்த சமாச்சாரம், இன்னமும் நடக்கிறது. நம் ரூபாய்க்கு அவர்கள் எடுத்துக்கொள்வது மகாராஜா மேக். ஏனென்றால் 1996-ல் டெல்லி வசந்த விஹாரில் முதல் கடை திறந்தபோதே, மாட்டுக்கறி கிடையாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்தார்கள்.

எங்கே வாங்கினாலும் ஒரே பொருள் என்பதுதான் அந்தக் கணக்கின் அஸ்திவாரம். எனக்கு அதில்தான் சுவாரசியம் போய்விட்டது. ஒரே மாதிரி இருப்பதைத் தின்ன எதற்கு ஊர் ஊராகப் போகவேண்டும்? வெளியூர் போனால் பர்கரைத் தேடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோயில் குளம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

உள்ளூர்க் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சென்னையில் நான் சாப்பிட்ட பர்கர்களில் பாதிக்கு மேல் கட்லெட். பிரெட் தூள் போர்த்திப் பொரித்து, பன்னுக்குள் படுக்கவைத்து, மயோனைஸால் மூடியிருப்பார்கள். கட்லெட் நல்ல பண்டம்தான், ரயில் கட்லெட்டுக்கு நான் பரம ரசிகன். ஆனால் அது பர்கர் இல்லை. அமெரிக்காவில் முழுக் கோழித் துண்டைப் பொரித்துப் பன்னில் வைத்தால்கூட அதற்கு சாண்ட்விச் என்றுதான் பெயர். பர்கர் என்றால் கொத்துக்கறி. நமக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. பன் வட்டமாக இருந்தால் போதும், உள்ளே பனீர் இருந்தாலும் பர்கர்.

கோலாலம்பூரில் ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தங்கியிருந்தேன். சுற்றிலும் இட்லி, வடை, வாழையிலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பசித்தது. தெருமுனையில் தள்ளுவண்டி, தகரக் கல், ஒற்றை பல்பு. ராம்லி பர்கர். ராம்லி மொக்னி என்பவர் 1979-ல் ஆரம்பித்த கம்பெனி. வண்டிக்காரர்கள் அவருடைய கறித்தட்டையை வாங்கித் தங்கள் கைவண்ணத்தைக் காட்டுகிறார்கள்.

"ஆயமா, டாகிங்கா?" என்றான் பையன். அங்கே ஆயம் என்றால் கோழி, டாகிங் என்றால் மாட்டுக்கறி. டாகிங் என்றேன். ஸ்பெஷலா என்றான். தலையாட்டினேன். கல்லில் மார்ஜரின் உருகியது. கறி சுட்டதும் மிளகுத்தூள், ஏதோ ஒரு கறுப்பு சாஸ். பக்கத்திலேயே முட்டையை ஊற்றி மெல்லிசாகப் பரப்பினான். அதன் நடுவே கறியை வைத்து நாலு பக்கமும் மடித்தான், தபால் கவர் ஒட்டுகிற மாதிரி. அதுதான் ஸ்பெஷல். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபோது விரல் சுட்டது. உண்மையைச் சொன்னால் கறி சுமார்தான், ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் கல்லுக்கும் என் வாய்க்கும் நடுவே அரை நிமிஷம்கூட இல்லை. அந்த அரை நிமிஷத்தை எந்த மாலிலும் எனக்குத் தர மறுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் நியூ ஹேவன். யேல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அங்கே லூயிஸ் லஞ்ச் என்று ஒரு சின்ன செங்கல் கட்டடம். 1900-ல் அமெரிக்காவின் முதல் ஹாம்பர்கர் எங்கள் கடையில்தான் என்பார்கள். டெக்சஸ்காரரும் விஸ்கான்சின்காரரும் அதே உரிமையைக் கொண்டாடுகிறார்கள், அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். பன் கிடையாது, வாட்டிய பிரெட். சீஸ், வெங்காயம், தக்காளி உண்டு. கெச்சப் கேட்டால் கிடைக்காது. அன்றன்றைக்கு அரைத்த கறியைக் கம்பிச் சட்டத்தில் இடுக்கி, நூறு வருஷத்துக்கு மேலான இரும்பு அடுப்பில் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாட்டுகிறார்கள். கடித்தபோது கறி உதிர்ந்தது. ரப்பர் மாதிரி இழுக்கவில்லை. என் பர்கர் ஞானம் அன்றைக்குத்தான் பூர்த்தியானது.

ரகசியம் கொழுப்பிலும் உப்பிலும் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு வேண்டும், இல்லாவிட்டால் வறட்டி. உப்பைக் கறியோடு பிசையக்கூடாது. பிசைந்தால் கறியின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாஸேஜ் மாதிரி விறைத்துவிடும். தட்டிக் கல்லில் போடுகிற கணத்தில் மேலே தூவினால் போதும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. ஓரம் சுருங்கும்போது நடு உப்பாமல் இருக்க. பன்னின் உள்பக்கத்தை வாட்டவேண்டும், இல்லையென்றால் சாறு இறங்கிக் கூழாகும்.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கவேண்டிய அவசியம் அம்மாவால் வந்தது.

அம்மாவுக்கு எழுபத்தி நாலு. மதுரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் அது ஞாயிறு இல்லை என்று இருந்தவள். பல்லையெல்லாம் எடுத்து, பல்செட் கட்டியபிறகு கறியை நிறுத்திவிட்டாள். குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வாள். துண்டுகளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, பேத்திக்குத் தள்ளிவிடுவாள். "எனக்கு இப்பல்லாம் பிடிக்கிறதில்லைடா" என்பாள். அந்தப் பொய்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஜேம்ஸ் சாலிஸ்பரி என்று 19-ஆம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்க டாக்டர் இருந்தார். நோயாளிகளுக்குக் கொத்திய மாட்டுக்கறியைத் தட்டி, சுட்டு, தினம் மூன்று வேளை கொடுக்கச் சொன்னவர். சாலிஸ்பரி ஸ்டேக் என்ற பண்டத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. மருத்துவத்தை விட்டுத்தள்ளுங்கள். மெல்ல முடியாதவனுக்கும் கறி கொடுக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

கறிக்கடைக்குப் போனேன். "பாய், தொடைக்கறி அரைக் கிலோ. கொழுப்பையும் சேர்த்து மிஷின்ல ரெண்டு தடவை விடுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாரும் எடுக்கச் சொல்றாங்க. நீங்க போடச் சொல்றீங்களே சார்?"

வீட்டில் அடுத்த தடை. தோசைக்கல்லைவிடச் சிறந்த பர்கர் கல் உலகத்தில் கிடையாது. கனமான இரும்பு, சூடு இறங்காது. என் மனைவி குறுக்கே நின்றாள். "நாளைக்கு அதுல தோசை யார் சுடறது?" நியாயமான கேள்வி. பரணிலிருந்து பழைய கல்லை எடுத்துக் கழுவிப் பழக்கினேன். இப்போது அது பர்கர் கல்.

சிவப்பு சற்றும் இல்லாமல் வேகவைத்தேன். அரைக்கும்போது வெளிப்பக்கக் கிருமி உள்ளே போய்விடும், வயதானவர்கள் விஷயத்தில் விளையாடக்கூடாது. ஆட்டுக் கொழுப்பு வேறு சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். அதனால் கல்லிலிருந்து நேராக அம்மாவின் தட்டுக்கு. கோலாலம்பூர் பையனின் அரை நிமிஷக் கணக்கு.

அம்மா பன்னின் மேல்மூடியைத் திறந்து பார்த்தாள். கறியில் ஓரமாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நானும் மனைவியும் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி நின்றோம்.

"கோலா உருண்டையை எதுக்குடா தட்டையாக்கி வெச்சிருக்கே?" என்றாள். "சோம்பு இல்ல, பொட்டுக்கடலை இல்ல. இதுக்கா அமெரிக்கா போனே?"

சொல்லிக்கொண்டே கறி முழுவதையும் முடித்தாள். பன் அப்படியே இருந்தது, அதைப் பேத்தி பக்கம் தள்ளிவிட்டாள்.

"ராத்திரிக்கு ஒண்ணு எடுத்து வை. சாதத்துக்குத் தொட்டுக்கறேன்."

ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும், நல்லா இருக்காது என்று சாங்கோபாங்கமாக விளக்கினேன்.

"ஏன், சுடவைக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள்.