வந்தாளா, வந்ததா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் மணவூர் ஒரு சிறு நிலையம். வடமேற்கே சற்றுத் தொலைவில் திருத்தணி. 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லைக் கல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிடலாம். நாக்கில் ஊறிய மொழியை அப்படி நட முடியுமா? இந்தப் பக்கத்தில் கூடத்தில் தமிழும் சமையலறையில் தெலுங்குமாக இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

மணவூரில் அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: "மருமவ ஊர்லேருந்து வந்துச்சு. இன்னிக்கி அதுதான் சமைச்சுது."

உடன் வந்த தமிழாசிரியர் முகம் சுளித்தார். ஒருவன், ஒருத்தி, பலர் ஆகிய மூன்றும் உயர்திணை என்று தொல்காப்பியம் வகுத்திருக்க, மருமகளை அஃறிணையில் தள்ளலாமா?

பாட்டியின் தாய்மொழி தெலுங்கு. அதில் பையன் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தால் 'வச்சிந்தி'. பசு வந்தாலும் அதே 'வச்சிந்தி'தான். இதைக் கேட்டதும் தமிழர் மார்பு சற்று நிமிரும். அவசரப்பட வேண்டாம். அதே தெலுங்கில் இரண்டு பெண்கள் சேர்ந்து வரட்டும். ஆண்களுக்கு உள்ள 'வச்சாரு' அவர்களுக்கும் கிடைத்துவிடும். பசுக்கள் 'வச்சாயி' என்று தனியே ஒதுங்கிவிடும். ஒருத்தியாக வந்தால் மாட்டோடு. துணையோடு வந்தால் மனிதரோடு! மாதர் சங்கத்துக்கு இதைவிட நல்ல பிரசாரம் எந்த இலக்கணத்தில் கிடைக்கும்?

ருஷ்ய மொழியில் மேஜை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டுமில்லை. லால் பகதூர் சாஸ்திரி 1966-இல் காலமான தாஷ்கண்டின் உஸ்பெக் மொழியிலோ அவன், அவள், அது மூன்றுக்கும் 'உ' என்ற ஒரே சொல். அதனால் ருஷ்ய மேஜைக்கு மீசை முளைத்துவிடவில்லை. உஸ்பெக் வீடுகளிலும் விடிந்ததும் முற்றம் பெருக்குவது பெரும்பாலும் மருமகள்தான்.

"'அவள்' என்று சொல்லுங்கள், பாட்டி" என்று திருத்தினார் ஆசிரியர்.

"அவ இவன்னு பேச அது என்ன தப்பு பண்ணிச்சு, சாமி?" என்றார் பாட்டி.

அவர் காதில் 'அவள்' வசவு, 'அது' வாஞ்சை. இலக்கணம் தாழ்த்திய இடத்தில் மனம் தூக்கி வைத்திருக்கிறது.

பால் பிசகாமல் பேசும் நம் வீடுகளைப் பார்ப்போம். கணவன் 'அவர்', மனைவி 'அவள்'. நம் கதைகளிலும் அவர் வருவார், அவள் காபி கொண்டு வருவாள். பிழை ஒன்றுமில்லை, ஆனால் மரியாதை ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. 'அவர்' என்ற சொல்லுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. அதை மனைவிக்கும் கொடுப்பதற்கு எந்தச் சூத்திரமும் தடை சொல்லவில்லை.