நெட் போனால் வரும் டைனோசர்

இணையம் அறுந்ததும் குரோம் பிரவுசரில் வந்து நிற்கும் சாம்பல் நிறக் குட்டி டைனோசரை வெறும் படம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

கணினியில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், போனில் டைனோசரைத் தொட்டால், ஓட ஆரம்பித்துவிடும். கள்ளிச்செடி வந்தால் தாண்ட வேண்டும். டெரோடாக்டில் பறந்து வந்தால் குனியவும் செய்யலாம்.

2014-இல் கூகுளின் குரோம் வடிவமைப்பாளர்கள் செய்த குறும்பு இது. வைஃபை இல்லையென்றால் ஆதிகாலத்துக்கே போய்விட்ட மாதிரி என்ற கிண்டல்தான் டைனோசராக வந்து நின்றது. விளையாட்டுக்கு அவர்கள் உள்ளுக்குள் வைத்த பெயர் 'புராஜெக்ட் போலன்'. 1970களில் பிரிட்டனைக் கலக்கிய 'டி. ரெக்ஸ்' ராக் குழுவின் பாடகர் மார்க் போலன்தான் அந்தப் போலன்!

ஆட்டத்துக்கு முடிவு உண்டா? உண்டாம், சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஓடிய பிறகு. டி. ரெக்ஸ் டைனோசர் இனம் பூமியில் வாழ்ந்த காலத்தை மனதில் வைத்து அப்படி அமைத்ததாக 2018-இல் அந்த வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள்.

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பலர் இதிலேயே மூழ்கிவிட்டதால், நிர்வாகிகள் இதை முடக்கிவைக்கவும் கூகுள் வழி செய்தது.

நெட் இருக்கும்போதே ஆட வேண்டுமா? முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் 'குரோம்', ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 'டைனோ' என்று இடைவெளி விடாமல் தட்டி என்டரை அழுத்தினால் ஆட்டம் தயார்.