சிதோனி என்றொரு பெயர்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் மாலை, பாரிஸ் நகரில் வாழும் எம் இளைய சகோதரனிடமிருந்து செய்தியொன்று வந்தது. அவனுக்குப் பெண் மகவு பிறந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. தாயும் சேயும் நலம் என்பது முன்னரே தெரிந்திருந்தமையால் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயின் அன்று வந்த செய்தி குழந்தையின் பெயரைப் பற்றியது. 'சிதோனி' என்று பெயர் பதிந்துவிட்டதாக அவன் எழுதியிருந்தான்.

எம் அன்னையார் எழுபத்தைந்து வயதினர். அப்பெயரை அவருக்கு இருமுறை வாசித்துக் காட்டினோம். "என்ன பேரடா தம்பி இது? என்ர வாயுக்கை நுழையுதில்லை. வேதக்காரரின்ர பேரோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் எழுந்து போய்விட்டார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பின்னரே பெயர் வைக்க வேண்டும் என்பதும், அதற்கு முன் சாத்திரியாரிடம் நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளைக் கேட்டறிய வேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். பிரான்சிலோ, பிறந்து ஐந்து நாள்களுக்குள் பிறப்பையும் பெயரையும் பதிந்துவிட வேண்டும் என்பது சட்டம். துடக்கும் சட்டமும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை.

நாமும் அன்னையாரின் பக்கமே நின்றோம். உண்மையைச் சொல்வதானால், எம் சினத்துக்குக் காரணம் அப்பெயர் மாத்திரம் அன்று. 2008 ஆம் ஆண்டில் எம் தந்தையார் காலமானார். அப்பொழுது சகோதரன் பாரிஸ் சென்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவனுடைய புகலிட விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை; ஆதலால் அவன் வர இயலாது. அதனை நாம் அறிவோம். ஆயின் அந்தியேட்டி முடியும்வரை அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்புத்தானும் வரவில்லை. அந்தக் குறையை நாம் எவரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் கிடந்த அந்தக் கசப்பு, இப்பெயரைக் கண்டதும் வெளியே வந்தது. 'பெற்றவரையும் மறந்தாய், இப்போது பெயரையும் மறந்தாயோ?' என்று அவனுக்கு எழுதி அனுப்பினோம்.

இரண்டு நாள்கள் கழித்து அவன் தொலைபேசியில் அழைத்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணை, அந்தப் பேர் ஆற்றை எண்டு நீங்கள் கேக்கேல்லையே" என்றான்.

அவன் முதன்முதலிற் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். வயது எண்பதைக் கடந்தவர். பெயர் சிதோனி. அவர் கடைக்குச் சென்று வரும் நாள்களில், பையை வாங்கி வாசல்வரை கொண்டு சென்று வைப்பது சகோதரனின் வழக்கம். தந்தையார் மறைந்த செய்தி கிடைத்த அன்றிரவு அவன் படிக்கட்டிலேயே அமர்ந்துவிட்டானாம். அம்மூதாட்டி கதவைத் திறந்து பார்த்து, உள்ளே அழைத்துச் சென்று, சூடாகச் சூப் கொடுத்து, விடியும்வரை அவனோடு விழித்திருந்தார். தந்தையாரின் பெயர் யாதென்று கேட்டார். றகரமும் ழகரமும் கலந்த நீண்ட பெயர் அது. பிழையறச் சொல்ல வரும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். பின்னர் ஆண்டுதோறும் அந்நாளில் அப்பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி ஏற்றி வைப்பாராம். அவர் 2015 ஆம் ஆண்டில் இறந்தார்.

"உங்களோடை கதைக்க எனக்கு அண்டைக்குத் துணிவு வரேல்லை அண்ணை. அம்மா அழுகிறதைக் கேட்டால் தாங்கமாட்டன் எண்டு பயந்து போனன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

நிற்க. நாம் ஆசிரியத் தொழில் செய்பவர். ஒரு சொல்லின் வேரைக் காணாது உறங்கமாட்டோம். ஆகவே அப்பெயரின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். எம்முடன் கற்பிக்கும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். "தமிழ் வேதாகமத்தில் தீரு, சீதோன் என்று இரு பட்டினங்கள் வருகின்றனவே, அந்தச் சீதோன்தான்" என்றார். லெபனான் நாட்டில், பெய்ரூத்துக்குத் தெற்கே, இன்று சைதா என வழங்கும் துறைமுக நகரமே அது. பண்டைப் பினீசியர் கடலோடிய காலத்தில் கண்ணாடிப் பொருள்களுக்கும் கடற்சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயத்துக்கும் புகழ்பெற்றிருந்தது. சீதோன் நகரத்தான் என்பதை இலத்தீன் மொழியில் 'சிதோனியஸ்' என்பர். அதன் பெண்பால் 'சிதோனியா'. பிரெஞ்சு வடிவம் 'சிதோனி'. எனவே இப்பெயர் கிறிஸ்தவ சமயத்துக்கும் முற்பட்ட ஒரு துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

பிரான்சுக்கு இப்பெயர் வந்த வழியில் பெரியார் ஒருவர் நிற்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் லியோன் நகரிற் பிறந்த சிதோனியஸ் அப்பொலினாரிஸ் என்பவர் கவிஞர். பின்னாளில் கிளெர்மோன் நகரின் ஆயர். உரோமப் பேரரசு மேற்கிற் சரிந்துகொண்டிருந்த காலத்தில் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கற்கப்படுகின்றன. அவர் புனிதராகப் போற்றப்பட்டமையால் அப்பெயர் நாள்காட்டியிலும் இடம்பெற்றது. அதன் பயன் பின்னரே விளங்கும். 1803 ஆம் ஆண்டில் பிரான்சு ஒரு சட்டம் செய்தது. நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்களும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களுமே பிள்ளைகளுக்குச் சூட்டத் தக்கவை என்றது அச்சட்டம். பிரெத்தோன் மொழிப் பெயர்களைப் பதிய மறுக்கப்பட்ட குடும்பமொன்று இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் போராட நேர்ந்தது. 1966 ஆம் ஆண்டின் அறிவுறுத்தல் ஒன்று கதவைச் சற்றே திறந்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டமே பெற்றோருக்கு உரிமையை முழுமையாக அளித்தது. பிள்ளைக்குத் தீங்கு தரும் பெயரென்று கண்டால் இன்று அலுவலர் முறையிடலாம். எம் சகோதரன் தன் மகளுக்கு எந்தத் தமிழ்ப் பெயரையும் இட்டிருக்கலாம், தடுப்பார் இல்லை. அந்த உரிமை இருந்தும் அவன் இப்பெயரையே தேர்ந்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பெயர் பிரான்சில் ஓரளவு பரவியிருந்தது. ஆயின் நாவலாசிரியர்கள் அதற்கு நன்மை செய்யவில்லை. எமில் சோலா தம் நாவலொன்றில், இரகசியத் தரகு வேலை செய்து பிழைக்கும் ஒருத்திக்கு இப்பெயரை இட்டார். அல்போன்ஸ் தோதே 1874 இல் வெளியிட்ட கதையில், பேராசையால் ஒரு குடும்பத்தையே கெடுப்பவளும் சிதோனிதான். இருபதாம் நூற்றாண்டில் இப்பெயர் படிப்படியாக அருகியது. அண்மைக் காலத்தில் பூட்டிமாரின் பெயர்களான லூயிஸ், அலிஸ், ரோஸ் முதலியன மீண்டும் தொட்டிற் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. சிதோனிக்கோ அந்த வாழ்வு பெருமளவில் வாய்க்கவில்லை. இன்றும் அஃது அரிய பெயரே.

ஆயினும் அப்பெயருக்கு என்றும் அழியாத புகழைத் தந்த தாயும் மகளும் உளர். மகள், கொலெத் என்று உலகம் அறிந்த எழுத்தாளர். 1873 ஆம் ஆண்டில் பர்கண்டிப் பகுதியின் சிற்றூரொன்றிற் பிறந்த அவருடைய முழுப்பெயர் சிதோனி கப்ரியேல் கொலெத். கொலெத் என்பது தந்தையின் குடும்பப் பெயர். சிதோனி என்பது தாயின் பெயர். வீட்டார் தாயைச் 'சிதோ' என்று சுருக்கி அழைத்தனர். அத்தாய் 1912 ஆம் ஆண்டில் இறந்தபொழுது மகள் அடக்கத்துக்குச் செல்லவில்லை. துக்க உடையும் உடுத்தவில்லை. ஊரார் என்ன பேசியிருப்பர் என்பதை எம் வாசகர்கள் ஊகித்துக்கொள்வர்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1928 இல், கொலெத் வெளியிட்ட நூலொன்று தாயின் கடிதம் ஒன்றுடன் தொடங்குகிறது. மகளைக் காண வருமாறு விடுத்த அழைப்பைத் தாய் அதில் மறுக்கிறாள். தன் வீட்டுக் கள்ளிச்செடி மலரப் போகிறது. இப்பருவம் தப்பினால் அம்மலரை மீண்டும் காணும் ஆயுள் தனக்கு இராது என்பது காரணம். உண்மைக் கடிதத்தில் தாய் வருவதாகவே எழுதியிருந்தாள் என்று பின்னர் தெரியவந்தது. மகள்தான் அதை மாற்றி எழுதினாள். அடுத்து 'சிதோ' என்னும் பெயரிலேயே ஒரு நூல் செய்தாள். 1954 இல் கொலெத் இறந்தபொழுது பிரான்சு அரச மரியாதையுடன் அடக்கம் செய்தது.  அடக்கத்துக்குப் போகாத மகளே தாயின் பெயரை உலகறியச் செய்தாள்.

இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சாவு வீட்டுக்கு வராதவன் அன்பில்லாதவன் என்று நாம் ஒரே தீர்ப்பாகத் தீர்த்திருந்தோம். தொலைவில் ஒரு படிக்கட்டில் அமர்ந்திருந்தவனை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. மறுநாள் அவனுக்கு நீண்ட கடிதம் எழுதினோம். 2008 இல் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.

அன்னையாருக்குக் கொலெத்தின் கதையைச் சொல்லவில்லை. மூதாட்டியின் கதையைச் சொன்னோம். தந்தையாரின் பெயரை அந்நிய நாட்டுக் கிழவி ஒருவர் சொல்லிச் சொல்லிப் பழகினார் என்றபொழுது, அவர் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். "அவவுக்கு வாயிலை வந்ததோ?" என்று கேட்டார். "வந்தது" என்றோம். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்" என்றார். சொன்னோம். அவரும் சொன்னார். முதலிற் 'சித்தோணி' என்று வந்தது. நாலைந்து முறைக்குப் பின் சீராயிற்று. இதற்கிடையில் சாத்திரியாரின் குறிப்பும் வந்து சேர்ந்திருந்தது. குழந்தையின் நட்சத்திரம் சதயம். அதற்குரிய எழுத்துகளில் 'ஸீ' என்பதும் ஒன்று. அன்னையார் அதைப் பார்த்துத் தலையசைத்தாரேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் எம்மூர்க் கோயிலுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அருச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அன்னையார், "சிதோனி, சதய நட்சத்திரம்" என்றார். ஐயர் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். அன்னையார் இன்னொரு முறை, சிறுபிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐயர் அதனைப் பிழையின்றி வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார்.