அம்மா கேட்ட கேள்வி

நுழையும்முன்

கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் அறிவியல் மன்றங்கள் உண்டு. அங்கே உரைகள் நிகழும், வேலைவாய்ப்புகளைப் பற்றிப் பேசுவார்கள், கூடி மகிழ்வார்கள். அத்தகைய மன்றம் ஒன்றில், தில்லியில் வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் பெற்ற அனுபவத்தைக் கூறுகிறது இப்பாடம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். ‘இயற்பியல் மன்றம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. உரைக்குப்பின் தேநீர்’ என்று அதில் எழுதியிருந்தது. அறிவியல் ஆர்வத்தால் அம்மன்றத்தில் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தேநீரோடு சமோசாவும் கிடைக்கும் என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். அதனால்தான் சேர்ந்தேன்.

எங்கள் வீடு தில்லியின் தென்பகுதியில், இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இருந்தது. அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கல்லூரியோ நகரின் வடகோடியில் இருந்தது. வீடு திரும்பப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பசியோடு பேருந்து ஏறுவதைவிட, ஓர் உரையைக் கேட்டுவிட்டு வயிறு நிறையச் செல்வது நல்லது என்று எண்ணினேன்.

மன்றத்தை நடத்தியவர்கள் மாணவர்களே. பேச்சாளருக்குக் கடிதம் எழுதுவது, அரங்கத்துக்கு அனுமதி பெறுவது, தேநீருக்குச் சொல்வது என ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. முதலாண்டு மாணவனான எனக்கு நாற்காலிகளை வரிசைப்படுத்தும் வேலை கிடைத்தது. வங்காளி, மணிப்புரி, பஞ்சாபி, மலையாளம் எனப் பல மொழிகள் அங்கே ஒலித்தன. உரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. தேநீர்ப் பேச்சு இந்தியில் நடந்தது.

நான் கேட்ட முதல் உரை காலத்தை அளப்பது பற்றியது. தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து அறிவியலாளர் ஒருவர் வந்திருந்தார். தில்லியிலுள்ள அந்த ஆய்வகமே அணுக்கடிகாரங்களைக் கொண்டு இந்தியத் திட்ட நேரத்தைப் பேணுகிறது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். சீசியம் அணுவோடு தொடர்புடைய கதிர்வீச்சு 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரமே ஒரு நொடி என்றார் பேச்சாளர்.

‘ஏன் இந்த எண்? ஆயிரம் கோடி என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே?’ என்று என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று சிரிப்பார்களோ என அஞ்சினேன். எல்லாம் புரிந்தவன்போல் தலையை மட்டும் ஆட்டினேன். அப்போது என் பக்கத்தில் இருந்த மாணவி எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சாளரின் முகம் மலர்ந்தது. “அதற்கு முன்பு வானியலைக் கொண்டு நொடியை வரையறுத்திருந்தோம். 1967ஆம் ஆண்டில் புதிய வரையறையை ஏற்றபோது, பழைய நொடியின் நீளம் மாறிவிடக் கூடாது. அதனால் பழைய நொடியை அளந்து, அதற்கு ஈடான எண்ணை எடுத்துக்கொண்டோம்” என்று விளக்கினார். விடை எனக்கும் கிடைத்தது. ஆனால், அந்தக் கேள்வி என்னுடையதாக இல்லாமல் போயிற்று. அன்று சமோசா சுவைக்கவில்லை.

தேநீர் வேளையில் எங்கள் பேராசிரியர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். 1928ஆம் ஆண்டில் செருமானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே தேடிச் சென்று பேசினார். தாம் நூலில் கற்ற இயற்பியல் அதற்குள் பெரிதும் மாறிவிட்டதை அவர் வாயிலாக அறிந்தார். மனம் தளராமல் புதியதைக் கற்று, மாணவராக இருந்தபோதே ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அது இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அந்த மாணவர். “விருந்தினர் வரும்போது வாயைத் திறக்க வேண்டும்” என்று சொல்லி முடித்தார் பேராசிரியர். என்னை நோக்கிச் சொன்னதாகவே எனக்குத் தோன்றியது.

இரண்டாம் ஆண்டில், படிப்பை முடித்துச் சென்ற மூவர் எங்களுக்கு வழிகாட்ட வந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றொருவர் காப்புரிமை அலுவலகத்தில், ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று ஆராய்பவர். மூன்றாமவர் வானிலை ஆய்வுத் துறையில் பணியாற்றினார். நாள்தோறும் இருமுறை பலூனைப் பறக்கவிட்டு, மேல்வளியின் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளப்பதைப் பற்றிச் சொன்னார். “நாங்கள் சொன்னபடி மழை பெய்தால் எவரும் நினைப்பதில்லை, பெய்யாவிட்டால் எல்லாரும் நினைப்பார்கள்” என்றபோது அரங்கமே சிரித்தது. இயற்பியல் படித்தவருக்கு இத்தனை வழிகளா என்று வியந்தேன். எங்கள் வீட்டில் ஒரே வழியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டம் பெற்றதும் வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பது அப்பாவின் முடிவு.

அவ்வாண்டு பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாள் விழா நடந்தது. 1928ஆம் ஆண்டில் அதே நாளில் சர் சி. வி. இராமன் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டறிந்தார். விழாவுக்குப் பெற்றோரையும் அழைக்கலாம் என்றார்கள். அம்மா வந்தார். கல்லூரிக்குள் அவர் நுழைந்தது அதுவே முதன்முறை.

என் பங்குக்கு ஓர் எளிய செய்முறையை வைத்திருந்தேன். கண்ணாடித் தொட்டியில் நீரை நிரப்பிச் சில துளிகள் பால் சேர்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினேன். தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் நீர் இளநீலமாகத் தெரிந்தது. ஒளி வெளியேறும் முனையில் பார்த்தால் விளக்கு செம்மஞ்சளாகத் தெரிந்தது. பகல் வானம் நீலமாகவும் அந்தி வானம் சிவப்பாகவும் இருப்பதன் காரணத்தை இது காட்டும். வந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மளமளவென்று விளக்கினேன்.

அம்மா தொட்டியருகில் குனிந்து பார்த்தார். “ஏன்டா, பால் வெள்ளைதானே? இந்த நீலம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. நான் மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வினைகளோடு ஒட்டி ஏதோ சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எனக்குப் புரியவில்லையப்பா” என்றார். அதில் குறை கூறும் தொனி இல்லை, வெட்கமும் இல்லை. புரியாததைப் புரியவில்லை என்று அவரால் இயல்பாகச் சொல்ல முடிந்தது. இரண்டு ஆண்டுகளாக என்னால் அது முடியவில்லை.

அன்றிரவு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுத முயன்றபோதுதான், அவற்றுள் பலவற்றை நானே சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை, சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்: “கதிரவன் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன, அம்மா. நீலத்தின் அலை குட்டையானது; சிவப்பின் அலை நீளமானது. காற்றிலுள்ள மிக நுண்ணிய மூலக்கூறுகள் குட்டை அலையைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். சிவப்பைவிட நீலம் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறும். அப்படிச் சிதறிய நீலம் எல்லாத் திசையிலிருந்தும் நம் கண்ணுக்கு வருகிறது. பாலிலுள்ள நுண்துகள்களும் அதையேதான் செய்கின்றன.”

“இப்போது புரிகிறது” என்றார் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “நீலத்தைவிடக் குட்டையான அலை ஏதும் இல்லையா?” என்று கேட்டார்.

“ஊதா இருக்கிறது.”

“அப்படியானால் வானம் ஏன் ஊதாவாக இல்லை?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சொன்னதும் மனம் இலேசாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை வளிமண்டலத்தைப் பற்றி ஓர் உரை நடந்தது. அதன் முடிவில் முதன்முறையாகக் கையை உயர்த்தினேன். குரல் நடுங்கியது. “இது என் தாயார் கேட்ட கேள்வி” என்று தொடங்கி அதைக் கேட்டேன். பேச்சாளர், “மிக நல்ல கேள்வி” என்று சொல்லிக் கரும்பலகைக்குச் சென்றார். கதிரவன் ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தைவிடக் குறைவு. அதில் ஒரு பகுதியை மேல்வளிமண்டலம் உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணும் ஊதாவை நீலத்தைப்போல் நன்கு உணர்வதில்லை என்று விளக்கினார். அன்று தேநீர் வேளையில் என்னைச் சுற்றிப் பலர் கூடிப் பேசினார்கள். “எனக்கும் இது தெரியாது” என்று மூத்த மாணவர்கள் சிலரே சொன்னார்கள்.

வீட்டில் மேற்படிப்பைப் பற்றிப் பேசத் துணிந்தேன். “இராமன்கூடக் கொல்கத்தாவில் நிதித்துறைப் பணியில் இருந்தவர்தான். 1917இல் அதை விட்டுவிட்டுக் குறைந்த ஊதியத்தில் பேராசிரியர் ஆனார்” என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்தார். “அவர் வேலையில் சேர்ந்த பிறகுதானே விட்டார்?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அம்மா சிரித்துவிட்டார். முடிவில், வங்கித் தேர்வையும் முதுகலை நுழைவுத் தேர்வையும் எழுதுவது என்று உடன்பாடு ஆயிற்று. முதுகலையில் இடம் முதலில் கிடைத்தது. அப்பா மறுப்பேதும் சொல்லாமல் கட்டணத்தைக் கட்டினார்.

இன்று நான் வானிலைத் துறையில் பணியாற்றுகிறேன். மழை வருமா என்று அப்பா நாள்தோறும் தொலைபேசியில் கேட்கிறார். அம்மாவோ, ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அம்மாவுக்கு விடை சொல்வதுதான் கடினம். அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான், எனக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது எனக்கே தெரிகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. முதல் உரையின்போது கட்டுரையாசிரியர் ஏன் கேள்வி கேட்கவில்லை? அன்று சமோசா சுவைக்காததற்குக் காரணம் என்ன?
2. “பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்” – இத்தொடரை விளக்குக.
3. இராமனைப் பற்றித் தந்தை கூறிய மறுமொழி சரியானதா? உம் கருத்தை எழுதுக.
4. நீவிர் அறிவியல் வகுப்பில் கற்ற ஒன்றை வீட்டிலுள்ளோருக்குத் தமிழில் விளக்கி, அவர்கள் கேட்ட கேள்விகளைத் தொகுத்து எழுதுக.