நெருப்பைத் தொடாமல் சூடு பார்ப்பது எப்படி?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழி விட்டே பாதி நேரம் போய்விடும். அந்தக் கல்லெல்லாம் போவது சிமெண்ட் சூளைக்கு. அரசு சிமெண்ட் ஆலை 1979-லேயே அரியலூருக்கு வந்துவிட்டது. சுற்றிலும் தனியார் ஆலைகளும் உண்டு. சூளை என்றதும் செங்கல் சூளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சற்றே சாய்த்துப் படுக்க வைத்த, மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்புக் குழாய். உள்ளே சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வெந்து கிளிங்கர் ஆகின்றன.

சரி, அந்த 1450-ஐ யார் உள்ளே போய் அளந்தது?

யாரும் போகவில்லை. பழைய ஆட்கள் நீலக் கண்ணாடி வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இப்போது பைரோமீட்டர் என்ற கருவி, உள்ளிருந்து வரும் ஒளியை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. உள்ளே தூசி கிளம்பினால் அதுவும் ஏமாந்துவிடும். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் உள்ளே பதித்த செங்கல் போச்சு, அப்புறம் சூளையையே நிறுத்த வேண்டியதுதான்!

இதே தொல்லை பல ஆயிரம் மடங்கு பெரிதாக இன்னொரு இடத்தில் இருக்கிறது. குஜராத்தின் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-ல் 'ஆதித்யா' இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே கட்டிய முதல் டோக்கமாக். வடிவம் நம்ம உளுந்து வடைதான். நடுவில் ஓட்டை, சுற்றிலும் வெற்றிடக் கலம், அதற்குள் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்மா. சூடு பல லட்சம் டிகிரி. ஆனால் ஒரு நொடிகூட நீடிக்காது. அதற்குள் அளந்துவிட வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானையில் கரண்டியை விட முடியாது. நடுவில் எதை நீட்டினாலும் அது உருகும், அதிலிருந்து ஆவியாகும் அணுக்கள் பிளாஸ்மாவையும் குளிர்வித்துக் கெடுத்துவிடும். சூடு குறைந்த ஓரத்தில் மட்டும் லாங்மியூர் புரோப் என்ற சிறு கம்பியை வைக்கலாம். பிளாஸ்மாவில் ஓடும் மின்சாரத்தை அளக்க ரோகோவ்ஸ்கி சுருள் இருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கும்போது வெளியே சுற்றிய கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும், அவ்வளவுதான். நடுப்பகுதியின் சூட்டுக்கு? அங்கேதான் கதையே.

1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல் விஞ்ஞானிகள், தங்கள் 'ஜீட்டா' இயந்திரத்தில் நியூட்ரான்கள் வருவதாகவும் அவை பெரும்பாலும் அணு இணைவால் வந்தவை என்றும் அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நியூட்ரான்கள் வந்தது நிஜம். ஆனால் முழு பிளாஸ்மாவும் சூடாகி அவை வரவில்லை. எண்ணிய கருவி சரி, அர்த்தம்தான் தப்பு. சூளைத் தூசி மாதிரிதான்.

பத்து வருடம் கழித்து, 1968-ல் சோவியத் விஞ்ஞானி ஆர்ட்சிமோவிச், தங்கள் டி-3 டோக்கமாக்கில் எலக்ட்ரான் வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவை எட்டியதாகச் சொன்னார். மேற்கு நாடுகளில் பலர் நம்பவில்லை. பனிப்போர் காலம் வேறு. ஆர்ட்சிமோவிச் என்ன செய்தார் தெரியுமா? நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று ஆங்கிலேயர்களையே அழைத்தார்! ஒருமுறை சூடு பட்டவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள், அவர்கள் நம்பினால் உலகம் நம்பும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கலாம்.

1969-ல் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து பீகாக், ராபின்சன் முதலியோர் டன் கணக்கில் பெட்டிகளோடு மாஸ்கோ போனார்கள். கொண்டுபோனது ரூபி லேசர். அதன் சிவப்பு ஒளி ஒரே அலைநீளம், 694 நானோமீட்டர். அதைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் மிகச் சிறு பங்கைச் சிதறடிக்கும். எலக்ட்ரான்கள் வேகமாக ஓடுவதால் சிதறிய ஒளியின் அலைநீளம் இருபுறமும் பரவிவிடும். நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஊதல் ஒலி மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவு. எவ்வளவு அகலமாகப் பரவியதோ அவ்வளவு சூடு. தாம்சன் சிதறல் என்று இதற்குப் பெயர். பிளாஸ்மாவே பிரகாசமாக ஒளிரும்போது அந்தச் சிறு ஒளியைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. எடுத்தார்கள். ரஷ்யர்கள் சொன்னது சரிதான் என்று 1969 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் பிரின்ஸ்டன், தன் பழைய இயந்திரத்தை டோக்கமாக்காக மாற்றிக்கொண்டது.

'செயற்கைச் சூரியன், இத்தனை கோடி டிகிரி' என்று செய்தி போடும் பத்திரிகைகள், அதை எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. பிரான்சில் கட்டப்படும், இந்தியாவும் பங்காளியாக இருக்கும் 'ஐட்டர்' 15 கோடி டிகிரிக்குத் திட்டமிடப்பட்டது. அதற்குச் சுமார் 50 வகை அளவீட்டு அமைப்புகள் வேண்டும். அவற்றில் சில இந்தியாவின் பொறுப்பு. அங்கே ஒரு தலைவலி, பிளாஸ்மாவைப் பார்க்க வைக்கும் முதல் கண்ணாடி. சுவரிலிருந்து அரித்து வரும் துகள்கள் அதன்மேல் படிந்து மங்கலாக்கிவிடும். அரியலூர் சூளையில் பார்வைத் துளையின் கண்ணாடி அழுக்கானால் ஒருவர் போய்த் துடைத்துவிடலாம். ஐட்டருக்குள் மனிதர் கையை விட வழியில்லை. அதனால் அந்தக் கண்ணாடியின் முன்னாலேயே சின்னதாக ஒரு பிளாஸ்மாவை உண்டாக்கி, அதைக் கொண்டே படிந்ததைச் சுரண்டி எடுக்க முயன்று வருகிறார்கள்.